வண்டியே வீடாக வடாற்காட்டில்

புதன், மகேந்திரவாடி

சென்னையிலிருந்து பெங்களூரு போகிறவர்களுக்கு வடாற்காடு என்றால் வரிசையாக நாலைந்து டோல்கேட், நடுவில் ஆம்பூர் பிரியாணி. நானும் இத்தனை வருடம் அப்படித்தான் போய் வந்திருக்கிறேன். 1989-ல் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்தார்கள். 2019-ல் வேலூரும் மூன்றாகி ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனி மாவட்டங்கள் ஆயின. அரசுக் காகிதத்தில் அந்தப் பெயர் இல்லை. ஆனால் ஆரணியில் பிறந்த எங்கள் அம்மாவுக்கு இன்றைக்கும் இது "நார்த்தார்க்காடு"தான்.

இந்த முறை கேம்பர் வேன். டிராவலர் வண்டியின் உள்பக்கத்தை மாற்றி, பின்னால் இரண்டு படுக்கை, மடக்கினால் மூன்றாவது படுக்கையாகும் இருக்கை, ஒற்றை அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், தண்ணீர் டேங்க், கூரையில் சோலார் பேனல், கையில் தூக்கிப்போய்க் கொட்ட வேண்டிய டாய்லெட் பெட்டி. ஓட்டுவது மச்சான். நான், என் மனைவி, மகள், அம்மா. நெடுஞ்சாலையை முடிந்தவரை தொடக்கூடாது என்பது மச்சான் போட்ட சட்டம்.

காவேரிப்பாக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டி முதல் நிறுத்தம். மூன்றாம் நந்திவர்மன் காலத்து ஏரி என்கிறார்கள். பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. தை மாதத்திலும் எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரிந்தது. டீ போட்டுக் குடித்தோம். கூட்டம் கூடிவிட்டது, டீக்கு இல்லை, வண்டியைப் பார்க்க.

மகேந்திரவாடிக்கு அங்கிருந்து கிராமத்துச் சாலை. ஒரு பெரிய பாறை மட்டும் வயலுக்கு நடுவே தனியாகக் கிடக்கிறது. அதைக் குடைந்து கோயிலாக்கியிருக்கிறான் மகேந்திரவர்மன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம் என்று இறங்கி ஒரு மணி நேரம் இருந்தோம். தூண்கள் கீழேயும் மேலேயும் சதுரம், இடையில் எட்டுப் பட்டை. அலங்காரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. உளி பட்ட தழும்புகள் சுவரில் சில இடங்களில் அப்படியே இருக்கின்றன, விரலை வைத்தால் உளி போன திசை தெரியும். தூணில் உள்ள கல்வெட்டில் ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் தன் பெயரையே வைத்திருக்கிறான்: மகேந்திரபுரம், மகேந்திர தடாகம், மகேந்திர விஷ்ணு கிருகம். "இப்போ பஸ் ஸ்டாண்டுக்கும் பாலத்துக்கும் பேர் வைக்கிறவங்க எல்லாம் இவன்கிட்ட கத்துக்கிட்டதுதான்" என்றான் மச்சான்.

தொல்லியல் துறை இடத்தில் இரவு தங்க முடியாது, தங்கவும் கூடாது. பக்கத்து ஊரில் நெல் அடிக்கிற களம் ஒன்று காலியாக இருந்தது. இடத்துக்காரர் டார்ச் லைட்டோடு வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, அடுப்பைப் பார்த்து, அம்மாவையும் பார்த்தார்.

"இன்னா சார், வூட்டையே எத்துக்கினு வந்துட்டீங்கோ?"

அப்புறம் அனுமதி கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. காலையில் த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் போடுவேன், டேங்க்கை ரொப்பிக்கோங்க என்றார். அம்மா கூட இருந்தால் எந்த ஊரிலும் இடம் கிடைக்கும் என்று இன்று தெரிந்துகொண்டோம். கேம்பர் வேன் எடுப்பவர்கள் சோலார் பேனல் இருக்கிறதா என்று பார்க்கும்முன் அறுபது வயதுக்கு மேல் ஒருவரை ஏற்றிக்கொள்ளவும்.

வியாழன், விரிஞ்சிபுரம்

காலையில் ஆற்காடு. பாலாற்றங்கரையில் டெல்லி கேட் மட்டும் நிற்கிறது. 1751-ல் கிளைவ் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டு ஐம்பது நாள் தாக்குப்பிடித்த கோட்டையில் மிச்சம் என்று சொல்ல இந்த வாசல்தான். பக்கத்துக் கடையில் மக்கன் பேடா வாங்கினோம். குலாப் ஜாமூனுக்கு அண்ணன் முறை. கோவா உருண்டைக்குள் முந்திரி, பாதாம் எல்லாம் வைத்துப் பொரித்துப் பாகில் ஊறப்போடுகிறார்கள். வாயில் போட்டால் முதலில் கரைவது வெளிப்பக்கம், கடைசியில் பருப்பு மட்டும் பல்லில் சிக்கும். ஒன்றுக்கு மேல் என்னால் முடியாது. மச்சான் கணக்கை இங்கே எழுத வேண்டாம் என்று அவனே கேட்டுக்கொண்டான்.

ஆற்காட்டிலிருந்து வேலூர் இருபத்தைந்து கிலோமீட்டர் சுமார். இந்தத் தூரத்தை வண்டியில் போகும்போது 1806 ஜூலை 10 நினைவுக்கு வரும். நெற்றியில் சின்னம் கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை போட வேண்டும் என்று வந்த உத்தரவுகளுக்கு எதிராக வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் விடியுமுன் எழுந்தார்கள். திப்புவின் பிள்ளைகள் அந்தக் கோட்டைக்குள்தான் காவலில் இருந்தார்கள். செய்தி தெரிந்து ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்காரத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தான். அன்று பகலுக்குள்ளேயே எல்லாம் முடிந்தது. சிப்பாய்களுக்குக் கூடுதலாக இன்னும் ஒரு நாள் கிடைத்திருந்தால் என்று யோசிக்காமல் அந்த அகழியைப் பார்க்க முடியாது. 1857-க்கு ஐம்பது வருடம் முந்தையது இது, பாடப்புத்தகத்தில் எனக்குக் கிடைத்ததோ அரைப் பக்கம்.

கோட்டை விஜயநகரக் காலத்தது, பதினாறாம் நூற்றாண்டு. உள்ளே கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் உண்டு. சாமியில்லாக் கோயில், ராஜா இல்லாக் கோட்டை, தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை என்று வேலூரைப் பற்றி அம்மா சின்ன வயதில் கேட்ட கேலி ஒன்று உண்டு. சாமியில்லாக் கோயில் என்பது ஜலகண்டேஸ்வரர் கோயில். ரொம்ப காலம் வழிபாடு நின்றுபோய், 1981-ல்தான் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். கல்யாண மண்டபத்துக்குள் போனால் எல்லோரும் யாளியையும் குதிரை வீரனையும் படம் பிடிக்கிறார்கள். தயவுசெய்து தலையைத் தூக்கி விதானத்தைப் பாருங்கள். நடுவில் தாமரை, அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். மகள் தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தாள். காவலாளி வந்து எழுப்பும் வரை நாங்களும் அதையே யோசித்துக்கொண்டிருந்தோம். இந்த மண்டபத்தைப் பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரன் கப்பல் அனுப்பினான், வழியிலேயே அது மூழ்கிவிட்டது என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே இருக்கட்டும், நல்ல கதை.

ஸ்ரீபுரம் பொற்கோயிலை இந்த முறை விட்டுவிட்டோம். 2007-ல் திறந்தபோதே பார்த்தாயிற்று, நட்சத்திர வடிவ நடைபாதையில் அம்மாவால் மறுபடி நடக்க முடியாது.

இரவுக்கு விரிஞ்சிபுரம். பயணம் போகிறவர்கள் வேறெங்கே தங்குவார்கள்? சாமி பெயரே மார்க்கபந்தீஸ்வரர், தமிழில் வழித்துணைநாதர். மிளகு ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் போன வியாபாரிக்குத் திருடர் பயத்தில் துணையாகக் குதிரையில் வந்தவர் என்பது தலபுராணம். பெரிய மதில், உயர்ந்த கோபுரம். வெளியே தெரு அகலமாக இருக்கிறது. பூக்கடைக்கார அம்மாவிடம் கேட்டு அவர் கடைக்கு எதிரே நிறுத்தினோம். என் மனைவி நாலு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். வாடகை வண்டி என்று சொல்லிப் பார்த்தேன். "துணை நமக்குத்தாங்க வேணும், வண்டிக்காரருக்கு இல்லை" என்றாள்.

வெள்ளி, ஏலகிரி

காலையில் கோயிலுக்குள் தெற்குப் பிராகாரத்தில் அந்த மணி காட்டும் கல். அரைவட்டமாக வெட்டி எண்களைப் பொறித்திருக்கிறார்கள். மேலே உள்ள பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்தான் மணி. மகள் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை ஒடித்து வைத்தாள். நிழல் எட்டைத் தாண்டிக் கொஞ்சம்தான் போயிருந்தது. போனில் எட்டே முக்கால் ஆகப்போகிறது. கல் தப்பு என்று முடிவு கட்டிவிட்டாள்.

தப்பில்லை. நம் கடிகாரம் ஓடுவது 82½ பாகை தீர்க்கரேகைக்கு, உத்தரப் பிரதேசப் பக்கம் போகும் கோடு அது. விரிஞ்சிபுரம் அதற்கு மேற்கே மூன்றரை பாகை தள்ளி இருக்கிறது, பாகைக்கு நாலு நிமிடம் வீதம் பதினாலு நிமிடம் போயிற்று. அதோடு தை, மாசியில் சூரியனே கடிகாரத்துக்குப் பதினாலு நிமிடம் வரை பின்தங்கி உச்சிக்கு வரும், பூமியின் சாய்வும் அது சுற்றும் பாதையும் செய்கிற வேலை. இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட அரை மணி. கல் இந்த ஊர் நேரத்தைக் காட்டுகிறது. அம்மா கேட்டுவிட்டு, "கல்லு சரியாத்தான் இருக்குது, உன் போன்தான் அவசரப்படுது" என்றார்.

பள்ளிகொண்டா பக்கம் சாலையோரத்தில் இலவம்பாடி முள் கத்திரிக்காய். காம்பில் முள் இருப்பதால் எடுக்கும்போதே கையைக் குத்தும். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விற்ற அக்காவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. "கொய்ய கொய்ய ரத்தம் வரும் சார், அதுக்கு இன்னா குறியீடு குடுத்தாங்கோ?" என்றார். ஒரு கிலோ வாங்கினோம்.

ஆம்பூரில் பிரியாணி பார்சல். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், ஆளுக்கொரு கடை சொல்வார்கள், எல்லாம் சரிதான். சீரகசம்பா அரிசியைப் பாதி வேகவைத்து வடித்து, கறி மசாலாவில் சேர்த்துத் தம் போடுவது இந்த ஊர் முறை. காரத்துக்கு ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய். அதனால்தான் நிறம் சிவப்பும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் இருக்கிறது. கூடவே கத்திரிக்காய் தரத்தான் செய்வார்கள். ஆனால் எங்களிடம் இலவம்பாடி இருக்கிறதே! வாணியம்பாடி தாண்டி ஒரு புளியமரத்து நிழலில் நிறுத்தி, என் மனைவி ஒற்றை அடுப்பில் புளி, எள் அரைத்து எண்ணெய்க் கத்திரிக்காய் வைத்தாள். முழுக்காயை நாலாகக் கீறி, காம்போடு. வெந்தபின் தோல் தனியாகக் கழன்றுவராமல் சதையோடு குழைந்துபோகிறது. பிரியாணி இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது என்று சொன்னால் ஆம்பூர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

சாப்பிட்ட இடத்திலிருந்து பாலாறு தெரிந்தது. மணல், சீமைக்கருவேலம், நடுவில் கறுப்பாக ஒரு கோடு. தோல் தொழிற்சாலைக் கழிவால் இந்த ஆற்றுப் பக்கத்து நிலமும் கிணறும் கெட்ட கதை ஊரறிந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் போட்ட வழக்கில்தான் மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்பதை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் படிக்கும் தீர்ப்பு. நாம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடந்துபோகிறோம். வேலை கொடுப்பதும் அந்தத் தோல்தான், ஆம்பூர் செருப்பு போகாத நாடில்லை. ஆகவே இங்கே யாரிடமும் இதைப் பற்றி ஒரு வரியில் பதில் வாங்க முடியாது.

பொன்னேரியில் திரும்பினால் ஏலகிரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், அவற்றுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர். பாரி வளைவில் எதிரே பஸ். இந்த மாதிரி வண்டியில் கனம் எல்லாம் மேலே இருக்கும். வளைவில் சாயும்போது அலமாரிக்குள் பாத்திரம் எல்லாம் ஒரு பக்கம் வந்து இடிக்கும் சத்தம் கேட்கும். மச்சான் இரண்டாம் கியரை மாற்றவே இல்லை. பாரி தேரைக் கொடுத்துவிட்டு நடந்துபோனது இந்த ரோட்டில்தான் இருக்கும் என்றார் அம்மா.

புங்கனூர் ஏரி, படகு, பஞ்சுமிட்டாய். எழுத ஒன்றுமில்லை. தங்கியது தனியார் கேம்ப் மைதானம். வரிசையாகக் கூடாரம், ஸ்பீக்கர், பெங்களூரிலிருந்து ஆபீஸ் கூட்டம். சரிவான இடம் ஒதுக்கினார்கள். வண்டி அரை அடி சாய்ந்தாலும் ராத்திரி தூங்க முடியாது, தலைப்பக்கம் தாழ்ந்தால் ரத்தமெல்லாம் முகத்துக்கு வரும். பின்சக்கரத்தைச் செங்கல்லில் ஏற்றி, தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துச் சமம் செய்தோம். நெல்லடிக்கிற களத்தில் இலவசமாகக் கிடைத்த சமதரையும் அமைதியும் இங்கே காசு கொடுத்தும் கிடைக்கவில்லை. குளிர் மட்டும் நன்றாக இருந்தது.

சனி, காவலூர்

இந்தப் பயணத்தின் தேதியே இன்றைக்காகத்தான் குறித்தது. தை அமாவாசைக்கு அடுத்த சனி. காவலூர் வானாய்வகத்தில் பொதுமக்களை விடுவது சனிக்கிழமை மாலையில், நிலவு இருந்தால் பாதி வானம் வீண்.

ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் ஏறும் சாலை ஏலகிரிக்கு நேர் எதிர். கடை இல்லை, பலகை இல்லை. காப்புக்காட்டுக்குள் நிறுத்தி அடுப்பு பற்றவைக்கக் கூடாது. கோடை வரப்போகிறது, சருகு காய்ந்து கிடக்கிறது. வழியெல்லாம் புளி உலுக்குகிறார்கள். ஆண்கள் மரத்தின்மேல், பெண்கள் கீழே விரித்த சாக்கில். ஒரு கிளை எங்கள் கூரையில் உரசி, சோலார் பேனல்மேல் புளியம்பழம் கொட்டியது. நிறுத்தினோம். கீழே இருந்த பாட்டி ஏணி வைத்து ஏறி ஒன்றுவிடாமல் பொறுக்கிக்கொண்டுதான் போகவிட்டார்.

காவலூரில் 1968-ல் கொடைக்கானலிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கியை வைத்துத் தொடங்கினார்கள். வானியலாளர் வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. ஊர் வெளிச்சம் இல்லை, பன்னிரண்டரை பாகை அட்சரேகை என்பதால் வடவானத்தோடு தென்வானத்திலும் பெரும்பகுதி தெரியும். 1977-ல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது வளையங்களின் தடயம் இங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் பதிவானது. பெரிய 2.34 மீட்டர் தொலைநோக்கி பாப்புவின் கனவு. 1982-ல் அவர் போய்விட்டார். 1986-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்து வானாய்வகத்துக்குப் பாப்புவின் பெயரைச் சூட்டினார். அன்றைக்கு இந்தியாவிலேயே பெரிய தொலைநோக்கி. 1988-ல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர்.

குவிமாடத்துக்குள் நின்று அண்ணாந்தால் அந்த இரும்புச் சட்டம் நம் வண்டியை உள்ளே வைத்துச் சுற்றலாம் போலிருந்தது. அதன் வழியாக நமக்குக் காட்ட மாட்டார்கள், அதற்கு ஆராய்ச்சிக்காரர்கள் வரிசையில் இருக்கிறார்கள். வெளியே சின்னத் தொலைநோக்கியில் ஓரியன் நெபுலா. போட்டோவில் பார்க்கும் சிவப்பு, நீலம் எதுவும் கிடையாது. சாம்பல் நிறத்தில் ஒரு புகை, நடுவில் நெருக்கமாக நாலு புள்ளி. கண்ணை நேராக வைக்காமல் ஓரத்தால் பார்த்தால் புகை பெரிதாகும் என்று விளக்கியவர் சொன்னார். அப்படித்தான் ஆனது. அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார், பின்னால் வரிசை முணுமுணுக்கும்வரை. மகள் விரிஞ்சிபுரத்துக் கல்லைப் பற்றிக் கேட்டாள். விளக்கியவர் சந்தோஷமாகி, "கல்லு கரெக்ட். மார்ச்சுல வந்து பாரு, வித்தியாசம் குறைஞ்சிருக்கும். நவம்பர்ல கல்லும் போனும் ஒண்ணா காட்டும்" என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டியதில்லை.

வளாகத்தில் இரவு நிறுத்த முடியாது. பகலிலேயே டீக்கடையில் சொல்லிவைத்து, மலைக்கிராமம் ஒன்றில் ஒரு வீட்டு முற்றத்தில் இடம் பிடித்திருந்தோம், இதற்குக் காசு கொடுத்தோம். வண்டிக்கு வெளியே இருந்த எல்இடி விளக்கை அந்த வீட்டுப் பையனே அணைக்கச் சொன்னான். "மேல தெலஸ்கோப் இருக்குதுண்ணா." ஊர் முழுக்கப் பழகிய விஷயம் போல.

ஞாயிறு, திருமலை

காலையில் அந்த வீட்டில் சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும். சாமை ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும், ஆறினால் உதிரி உதிரியாகத் தொண்டையில் நிற்கும். புடைத்துக் கொடுத்த சாமை ஐந்து கிலோவும் ஒரு பாட்டில் தேனும் வாங்கினோம். ஜமுனாமரத்தூரில் பீமன் அருவி கேட்டோம், "இப்போ பாறைதான் இருக்கும்" என்றார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வர வேண்டும்.

போளூர்ப் பக்கம் இறங்கி, சமவெளியில் திருமலை. ஆரணி, போளூர் வட்டாரத்தில் தமிழ்ச் சமணர் ஊர்கள் நிறைய உண்டு. அம்மாவோடு படித்த தோழி ஒருவர் நயினார் வீட்டுப் பெண், இருட்டுமுன் சாப்பிட்டுவிடுவார் என்று அம்மா நினைவுபடுத்திக்கொண்டே வந்தார். குன்றில் செதுக்கிய நேமிநாதர் பதினாறு மீட்டருக்கு மேல். தமிழ்நாட்டில் இதைவிட உயரமான சமணச் சிற்பம் கிடையாது. கீழே குந்தவை ஜினாலயம், ராஜராஜனின் அக்கா பெயரில். பாறையில் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, அவன் படை வங்காளம் வரை போன பட்டியலோடு இருக்கிறது. கங்கை வரைக்கும் போனதை எழுதிவைக்க இந்த மூலையில் இருக்கும் குன்று கிடைத்திருக்கிறது பாருங்கள். தஞ்சாவூரில் இது இருந்திருந்தால் டிக்கெட் வரிசை இருக்கும். இங்கே நாங்களும் இரண்டு ஆடுகளும்.

கிளம்பும்முன் ஆரணியில் ஒரு பெட்ரோல் பங்க் கழிப்பறையில் டாய்லெட் பெட்டியைக் காலி செய்து கழுவி, பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் டேங்க்கையும் அங்கேயே வடிகாலில் திறந்துவிட்டோம். எந்த இடத்திலும் வயலிலோ ஏரியிலோ விடவில்லை. கேம்பர் வேன் எடுக்க நினைப்பவர்கள் வாடகை பேசும்போதே அந்த டேங்க் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள், நல்ல தண்ணீர் டேங்க்கைவிடச் சிறிதாக இருந்தால் பாதி வழியில் தட்டு கழுவ முடியாமல் நிற்பீர்கள். இரண்டு பேருக்கு மேல் போனால் ஒற்றை அடுப்பும் போதாது. வள்ளிமலையும் சோளிங்கர் ரோப் காரும் பாக்கி. அடுத்த முறை அண்ணன் வீட்டுக்காரர்களும் வருகிறார்களாம். அவர்களுக்குத் தனி வண்டி என்று மச்சான் இப்போதே சொல்லிவிட்டான்.